நகையில் படக் கூடாத கிரீம்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். சேலம் குகையில் இருக்கிறோம். செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். பல வருஷமாக நான் ஒரே கம்பெனி பாடி லோஷனும் ஷாம்புவும்தான் வாங்குகிறேன். மேட்டூரில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி தீபாவளிக்கு வந்தவன் பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் டிரம் டிரம்மா லாரியில வர்ற சாமான். புரோப்பிலீன் கிளைக்கால் ரேடியேட்டர்ல ஊத்துறது. லாரில் சல்ஃபேட் தரை கழுவுறது. மினரல் ஆயில் கச்சா எண்ணெயில இருந்து எடுக்கிறது. பாராபென் கேன்சர் வரவழைக்குமாம். இதையா உடம்பெல்லாம் பூசிக்கிறே?" என்றான். அன்றே எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். அவன் சொன்னது உண்மையா?

என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பழக்கமான பார்லர் அக்கா ஒரு மூலிகைக் கிரீம் தருகிறார். கெமிக்கலே இல்லையாம். பெரிய டப்பாவிலிருந்து சின்ன டப்பாவில் அள்ளிப் போட்டுக் கொடுப்பார். மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு நாள் விட்டால் மட்டும் சிவந்து எரிகிறது. நகையில் படாமல் பூச வேண்டுமாம். நானும் மகளும் பூசுகிறோம். பிரசவத்துக்கு வந்து இப்போது கைக்குழந்தையோடு இருக்கும் என் நாத்தனாரும் கேட்டு வாங்கிக்கொண்டாள். லோஷனை விட்டுவிட்டு இதையே தொடரலாமா? கெரட்டின், மெஹந்தி எல்லாம் சேர்த்து அவரிடமே கல்யாணப் பேக்கேஜ் பேசியிருக்கிறோம்.

(பெயர் வேண்டாம், சேலம்)

பதில்:

வணக்கம் அம்மா. நீங்கள் முதலில் கேட்டிருப்பது லோஷனைப் பற்றி. ஆனால் லோஷன் காத்திருக்கட்டும். அந்த டப்பா கிரீமை இன்றைக்கே நிறுத்துங்கள். மகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். நாத்தனாருக்கு உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயங்களை எழுதியிருக்கிறீர்கள். விட்டால் சிவந்து எரிகிறது என்பது ஒன்று. நகையில் படக் கூடாது என்பது இன்னொன்று. தோல் மருத்துவர் எவரும் இந்த இரண்டு வரிகளைத் தாண்டிப் போக மாட்டார்.

நகை விஷயத்தை உங்கள் வீட்டுக்காரரிடமே கேட்டிருக்கலாம். பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: பாதரசம் தங்கத்தையும் வெள்ளியையும் பிடித்துக்கொள்ளும், நகையின் நிறம் கெட்டுப்போகும். தங்கம், வெள்ளி, அலுமினியம் இவற்றில் படாமல் பூசவும் என்று ஒரு கிரீமில் போட்டிருந்தால் அதில் பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகப்படச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே எழுதியிருக்கிறது. மூலிகை என்று கொடுக்கிற பொருளுக்கு நகையோடு என்ன பகை? கற்றாழைச் சாறு கொலுசை என்ன செய்துவிடும்? உங்கள் பார்லர்காரர் தெரிந்து சொன்னாரா, அவருக்கு விற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாரா, தெரியாது. எப்படியோ அந்த எச்சரிக்கை உங்கள் வீடு வரை வந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

பாதரசம் ஏன் முகத்தை வெளுக்கிறது என்றால், தோலில் நிறமி உருவாகும் வேலையையே அது தடுத்துவிடுகிறது. பாதரச உப்புகளைக் கிரீமில் கலப்பது நூறு வருஷத்துக்கும் முந்தைய வித்தை. மலிவு, பலனும் சீக்கிரம் தெரியும். பிரச்சினை என்னவென்றால், அது தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே வடிகட்டியைக் கெடுக்கிறது. உடம்பின் புரதம் சிறுநீரில் ஒழுக ஆரம்பிக்கிறது. சிறுநீர் நுரைத்துப் போகும், காலையில் எழும்போது முகம் உப்பியிருக்கும், சாயந்தரம் கால் வீங்கும். சிலருக்குக் கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், மறதி. முகத்துக்குப் பூசியதால் கால் வீங்குமென்று யாருக்குத்தான் தோன்றும்? அதனால் அந்த நோயாளி தோல் டாக்டரிடம் வருவதில்லை, நேராகச் சிறுநீரக டாக்டரிடம் போகிறார். அங்கே கிரீமைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் காரணம் தெரியாமலே சிகிச்சை நடக்கும்.

கேட்ட டாக்டர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே உட்பிரிவு. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிரீமை நிறுத்தியதும் நோய் அடங்கியது. நிறுத்தினால் சரியாக வாய்ப்பு அதிகம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்குப் போடுபவை தவிர மற்றவற்றில் தவறிக் கலந்துவிட்ட பாதரசம்கூட 10 லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோ கிரீமுக்கு ஒரு மில்லிகிராம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-இல் முறைப்படி சேர்ந்தது. அந்த நாடுகள் 2023-இல் கூடியபோது, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்கள் எந்த அளவிலும் கூடாது, 2025-க்குள் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தன. ஆனால் பெயரில்லாத டப்பாவுக்கு எந்த விதி? பல நாடுகளில் பிடிபட்ட இப்படிப்பட்ட கிரீம்களில் 10 லட்சத்துக்கு ஆயிரக்கணக்கான பங்கு பாதரசம் இருந்திருக்கிறது.

இப்போது எரிச்சல் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்தில் பளிச், விட்டால் இரண்டே நாளில் சிவப்பும் எரிச்சலும். இது ஸ்டீராய்டு கலந்த கிரீமின் முத்திரை. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஸ்டீராய்டு வகையறா உண்டு. கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு நாங்களே எழுதித் தருகிற நல்ல மருந்துகள்தான். அவை தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அதனால் முகம் வெளுத்து, மிருதுவாகத் தெரியும். வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பூசவில்லையென்றால் தாங்காது என்ற நிலைக்கு வந்துவிடும். பூசினால் சரியாகிறது, விட்டால் எரிகிறது, அப்படியானால் கிரீம் நல்லதுதான் என்று மனம் முடிவு கட்டிவிடும். அப்புறம் பருக்கள், கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள், மேலுதட்டில் முடி. சேலத்து வெயிலில் இறங்கினாலே முகம் காந்தும். இந்தியாவில் இது எவ்வளவு சகஜமாகிவிட்டதென்றால், ஸ்டீராய்டு கெடுத்த முகம் என்று இதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்து மருத்துவ இதழ்களில் எழுதுகிறோம். 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்ததற்கும் தோல் மருத்துவர்களின் நச்சரிப்புதான் காரணம். அறிவிப்பு வந்த பிறகும் கடையில் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் டப்பாவில் பாதரசமா, ஸ்டீராய்டா, இரண்டுமா? முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, கடிதத்தைப் படித்து இன்னும் முடியாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். அதற்கு முன்பு உடம்பைப் பார்க்க வேண்டும். இந்த வாரத்துக்குள் மூன்று பேரும் ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். தெரிந்த டாக்டர் இல்லையென்றால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, கையோடு எடுத்துப் போங்கள். சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின், இரத்த அழுத்தம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் சாதாரணப் பரிசோதனைகள். தேவைப்பட்டால் சிறுநீரில் பாதரச அளவு பார்க்க வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

நிறுத்தியதும் முகம் எரியும். முன்பைவிடக் கருத்துவிட்ட மாதிரியும் தெரியலாம். இந்த இடத்தில்தான் பலர் பயந்து டப்பாவைத் திரும்பத் திறக்கிறார்கள். வழக்கமாக, பலமான ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத ஒன்றை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது? அதனால் கிரீமை நிறுத்திவிட்டு, எரிச்சலை டாக்டரின் மருந்தால் சமாளிப்பதுதான் வழி. ஃபேஸ் வாஷ், ஸ்கிரப், ஃபேஷியல், எலுமிச்சை, முல்தானி மட்டி எதுவும் இந்த நேரத்தில் முகத்தில் படக் கூடாது.

நாத்தனார் விஷயம் இன்னும் அவசரம். பாதரசம் தாய்ப்பாலிலும் வரும். அதைவிட நேரடியான வழியும் உண்டு: கிரீம் பூசிய கன்னத்தோடுதான் குழந்தை ஒட்டிக் கிடக்கிறது, அதே கையால்தான் குழந்தையைத் தூக்குகிறோம், அதே துண்டில்தான் துடைக்கிறோம். பாதரசக் கிரீமைத் தொடாத வீட்டு ஆட்களின் உடம்பிலும் பாதரசம் ஏறியிருந்ததை அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கும்தான். ஆகவே தலையணை உறை, துண்டு, குழந்தையைப் போர்த்தும் துணி எல்லாவற்றையும் தனியாகத் துவைத்துவிடுங்கள். குழந்தை டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பாலை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், வீட்டில் யாரும் பயத்தில் நிறுத்திவிடக் கூடாது.

சரி, லோஷன்.

உங்கள் தம்பி சொன்ன தகவல்கள் பெரும்பாலும் பொய் இல்லை. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் தவறு. ஒரு பொருள் ஆலையில் பயன்படுகிறது என்பதால் உடம்புக்கு ஆகாது என்றால், முதலில் நாம் நிறுத்த வேண்டியது ஜவ்வரிசிப் பாயசத்தை. ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கிலிருந்து எடுக்கிற அதே மாவுதான் தறிப் பாவுக்குக் கஞ்சியாகப் போகிறது, காகித ஆலைக்குப் போகிறது, பசைக்குப் போகிறது, ஜவ்வரிசியாகி உங்கள் வீட்டுக்கும் வருகிறது. மாவு ஒன்றுதான். நம் ஊர் ஜவ்வரிசியில் எப்போது ரகளை வந்தது? பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டுமென்று சில ஆலைகளில் ரசாயனம் போட்டு வெளுத்தபோதுதான். மாவு என்ன தப்புச் செய்தது?

புரோப்பிலீன் கிளைக்காலை எடுத்துக்கொள்வோம். வண்டி ரேடியேட்டரில் பெரும்பாலும் ஊற்றுவது அதன் பங்காளியான எத்திலீன் கிளைக்கால். அது விஷம், சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். புரோப்பிலீன் கிளைக்கால் அப்படியல்ல. குளிரூட்டும் திரவமாக அதையும் சில இடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. அது உணவிலும், நரம்பில் ஏற்றும் சில மருந்துகளிலும்கூட இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் வரை தினமும் சாப்பாட்டில் சேர்ந்தால் கெடுதல் இல்லை என்று உலக அளவிலான உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது நாளுக்கு ஒன்றரை கிராம். லோஷனில் அது செய்யும் வேலை ஈரத்தைப் பிடித்து வைப்பது. கொஞ்சம் பேருக்கு அதனால் அரிப்பும் ஒவ்வாமையும் வரும், அவர்கள் தவிர்க்க வேண்டும். பல வருஷமாகப் பூசி உங்களுக்கு ஒன்றும் வரவில்லையென்றால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஆனால் உங்கள் தம்பியின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஆலையில் வேலை பார்ப்பவர், கிரேடு என்றால் அவருக்குப் புரியும். ஒரே பெயரில் ஒரு டிரம் மருந்துத் தரத்தில் வரும், இன்னொரு டிரம் தொழிற்சாலைத் தரத்தில் வரும். விலையில் வித்தியாசம், சுத்தத்திலும் வித்தியாசம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம் மட்டுமே. புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்ற வேண்டிய இடத்தில் விஷம் போயிருக்கிறது. தொழிற்சாலை ரசாயனத்தைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் கவலைப்பட வேண்டிய இடம் இது: எந்த டிரம் வந்தது, வந்ததை யாராவது சோதித்தார்களா.

மினரல் ஆயிலும் இதே கதைதான். சரியாகச் சுத்திகரிக்காத மினரல் ஆயில் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் வகையில் வைத்திருக்கிறது. இயந்திர எண்ணெயிலேயே கையும் துணியும் ஊறிப்போன பழைய காலத் தொழிலாளிகளிடம் கண்டது அது. நன்றாகச் சுத்திகரித்ததை அந்தப் பட்டியலில் வைக்கவில்லை. முகத்துக்கும் குழந்தைக்கும் வருவது இரண்டாவது ரகம். நீங்கள் தலைக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெய்ப் பாட்டிலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், லைட் லிக்விட் பாராஃபின் என்று இருந்தால் அதுவும் இதேதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரீமை நிறுத்தி எரிகிற முகத்துக்கு டாக்டர் எழுதித் தரப்போவது அநேகமாகப் பெட்ரோலியம் ஜெல்லி வகையறாவாகத்தான் இருக்கும். வாசனை இல்லை, நிறம் இல்லை, ஒவ்வாமை மிக அரிது. கச்சா எண்ணெயில் பிறந்தது என்று உங்கள் தம்பி ஒதுக்கச் சொன்ன அதே குடும்பம்.

லாரில் சல்ஃபேட் தரையையும் கழுவும், தலையையும் கழுவும். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது அதன் குணம். புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தோலை எரிச்சல்படுத்தும் என்பது உண்மை. சோதனைகளில் வேண்டுமென்றே தோல் எரிச்சலை உண்டாக்கிப் பார்க்க நாங்கள் பயன்படுத்துவதே இதைத்தான். ஷாம்பு போட்டு உடனே அலசிவிடுகிறோம், அதனால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை. கரப்பான் உள்ளவர்கள், வறண்ட தோல்காரர்கள், தினமும் பாத்திரம் கழுவிக் கை வெடித்தவர்கள் இது இல்லாத ஷாம்பு வாங்கலாம்.

பாராபெனைப் பற்றி ஒரு பழைய வேடிக்கை. மார்பகப் புற்றுநோய்ப் பயத்தில் மக்கள் பாராபெனை வெறுத்தார்கள். கம்பெனிகளும் பாராபென் இல்லை என்று பெரிதாக அச்சடித்து, அழுகாமல் இருக்க வேறு பதப்படுத்திகளைப் போட்டன. அதில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற ஒன்று ஐரோப்பா முழுக்க ஒவ்வாமைக் கொள்ளைநோய் போலக் கிளம்பி, கடைசியில் கழுவாமல் விடும் பூச்சுகளில் அதைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது. 2019-இல் அதே சங்கம் பாராபெனைக் கூப்பிட்டு, அந்த ஆண்டின் ஒவ்வாமை தராத பொருள் என்று பட்டம் கொடுத்தது. சில பாராபென்களை ஐரோப்பா நிறுத்தியிருக்கிறது, மற்றவற்றுக்கு அளவு வைத்திருக்கிறது. அந்த அளவுக்குள் இருப்பதைக் கண்டு நான் பயப்படுவதில்லை. தண்ணீர் கலந்த கிரீமில் பதப்படுத்தியே இல்லையென்றால் நம் ஊர் வெயிலில் ஒரு மாதத்தில் கிருமியும் பூஞ்சையும் குடியேறும். வீட்டில் செய்து விற்கிற மூலிகைக் கிரீம்களில் எனக்குப் பயம் அதுதான்.

ஆக, ஒதுக்கி வைத்த லோஷனை உடம்புக்குத் தாராளமாக எடுத்துப் பூசுங்கள். முகத்துக்கு மட்டும் இப்போதைக்கு டாக்டர் சொல்வது போதும். அந்தப் பாட்டிலில் தயாரித்தவர் விலாசம், உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உள்ளே இருப்பவற்றின் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. நாளைக்கே ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது என்று தெரியும். உங்கள் தம்பி குறை கண்டுபிடிக்க முடிந்ததே அது பட்டியல் போட்டிருந்ததால்தான். டப்பா கிரீமைத் திருப்பிப் பார்த்திருந்தால் அவருக்குப் படிக்க ஒன்றும் கிடைத்திருக்காது.

கல்யாணப் பேக்கேஜில் இரண்டு விஷயங்களை எடுத்துவிடச் சொல்வேன். முதலாவது கெரட்டின். முடியை நேராக்கும் பல கலவைகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது சூடுபட்டதும் அதை வெளியிடும் சரக்கு இருக்கும். சூடான கிளிப் முடியில் படும்போது கண் எரிகிறதே, அந்த வாயுதான். மூச்சில் போனால் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2004-இலேயே முடிவு செய்தாகிவிட்டது. ஒருமுறை செய்துகொள்ளும் பெண்ணைவிட, ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திய அறையில் தினமும் நிற்கும் பார்லர் பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்கிற சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அப்படி முடியை நேராக்கிக்கொண்ட ஒரே பெண்ணுக்கு மூன்று தடவையும் சிறுநீரகம் பாதித்ததை பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-இல் எழுதினார்கள். ஏற்கெனவே சிறுநீரகத்தைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கும் உங்கள் மகளுக்கு இது வேண்டவே வேண்டாம். முகூர்த்தத்தன்று பின்னிப் பூ வைக்கப் போகிற கூந்தலை எதற்கு நேராக்க வேண்டும் என்று எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை.

இரண்டாவது, கருப்பு மெஹந்தி. மருதாணி ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் சிவக்கும், அதற்கும் சில மணி நேரம் ஆகும். அரைமணியில் கன்னங்கரேலென்று பிடிக்கிறதென்றால் அதில் பாராஃபினைலீன்டையமின் இருக்கும். தலைச்சாயத்தில் போடுகிற சரக்கு, தோலில் கோலம் போடுவதற்கானது அல்ல. கை முழுக்கக் கொப்புளம் கிளம்பி, கோலம் போட்ட வடிவத்திலேயே தழும்பு நின்றவர்கள் உண்டு. அதோடு முடியாது. ஒருதடவை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும், பின்னால் தலைக்குச் சாயம் அடிக்கும்போது முகமே வீங்கிவிடும். வீட்டில் அரைத்த மருதாணி, இல்லையென்றால் பழுப்பாகச் சிவக்கும் சாதாரணக் கோன், இது போதும்.

தைக்குள் முகம் சரியாகுமா என்றுதான் உங்கள் மகள் முதலில் கேட்பாள். ஸ்டீராய்டு மட்டும்தான் என்றால், சில வாரங்களில் எரிச்சல் அடங்கும், சிவப்பு போக இன்னும் நாளாகலாம். ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனைத் தோல் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு டாக்டர் சொல்லித் தருவார். ஸ்கூட்டியில் போனால் முகத்துக்குத் துப்பட்டா. கல்யாணத்தன்று லேசாகச் சிவப்பு மிச்சம் இருந்தாலும் மேக்கப்பில் அடங்கிவிடும். நிறம் அவளுடைய பழைய நிறத்துக்குத் திரும்பும், அதைத் தாண்டி வெளுக்க வைக்கிறேன் என்று வேறு யாராவது வந்தால், அவர்களிடமும் உரிம எண் கேளுங்கள்.

புகார் கொடுப்பதா என்று தயங்குவீர்கள், பழக்கமானவர் வேறு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள், அழகுப் பொருட்களும் அவர்கள் பொறுப்புதான். டப்பாவைக் காட்டினால் அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்வது அவர்கள் வேலை. பார்லர் அக்காவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மொத்தச் சரக்காக வாங்கி, மூலிகை என்று நம்பி விற்றவராகவே அவர் இருக்கலாம். பெரிய டப்பாவைத் திறந்து தினமும் வெறும் விரலால் அள்ளிப் போடுகிறவரும், வருகிற பெண்களுக்கெல்லாம் தன் கையாலேயே பூசிவிடுகிறவரும் அவர்தான். நீங்கள் பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.